ஏழாம் கண்ணாடி

பேராலயத்தில் அவரைக் கண்ணாடிக்காரர் என்று கூப்பிடுவார்கள். அவர் கண்ணாடி போடுபவரும் இல்லை, கண்ணாடி விற்பவரும் இல்லை. அறுபத்தொரு வயதிலும் ஊசியில் நூல் கோக்கிற பார்வை அவருக்கு. பிறகு எதற்கு அந்தப் பெயர் என்று யாராவது கேட்டால், தெற்குப் பக்கத்து வளைவுக்கு அருகே கூட்டிக்கொண்டுபோய் அண்ணாந்து பார்க்கச் சொல்வார்கள். சுவரில் மேலிருந்து கீழே ஓடுகிற விரிசலும், அதன் குறுக்கே ஒட்டியிருக்கிற விரல் நீளக் கண்ணாடித் துண்டும் தெரியும். அப்படிப் பதினொரு விரிசல், பதினொரு கண்ணாடி. மாதம் ஒருமுறை ஏணி போட்டு ஏறி அவற்றைப் பார்ப்பதுதான் அவருடைய வேலை.

இதற்குச் சம்பளமா என்று கேட்டவர்கள் உண்டு. பழைய கட்டடத்தில் விரிசல் இருப்பது பெரிய விஷயமில்லை. அது இன்னும் வளர்கிறதா, ஓய்ந்துவிட்டதா என்பதுதான் விஷயம். விரிசலின் இரண்டு பக்கமும் பிளாஸ்டர் வைத்து, குறுக்கே மெல்லிய கண்ணாடியைப் பதித்து, ஒட்டிய தேதியை அதன் மேலேயே எழுதிவிடுவார்கள். சுவர் மயிரிழை அசைந்தாலும் கண்ணாடி உடைந்துவிடும். முழுசாக இருந்தால் நோட்டில் ‘முழுசு’ என்று எழுத வேண்டும். உடைந்திருந்தால் ‘உடைந்தது’ என்று எழுதி, கோயிலைப் பூட்டி, பொறியாளருக்குச் சொல்லி, அவர் வரும்வரை இடத்தை விட்டு நகராமல் இருக்க வேண்டும். உடைந்ததை ஒருநாளும் கழற்றக் கூடாது. அது அங்கேயே இருக்கும். பக்கத்தில் புதிது ஒட்டுவார்கள். நூறு வருடத்துக்கு முன்னால் உடைந்த துண்டுகள்கூடத் தங்கள் தேதியோடு இன்னும் அந்தச் சுவரில் இருக்கின்றன.

இந்தப் பதினொன்றில் ஏழாவது கண்ணாடியில் இருக்கிற தேதி பொய். அதை எழுதியவர் கண்ணாடிக்காரரேதான். பதினான்கு மாதமாக அது அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

அதே கோயிலில் அவருடைய மகளுக்கும் வேலை. பார்க்க வருகிறவர்களைச் சுற்றிக் காட்டி, கட்டடத்தின் கதையைச் சொல்கிற வேலை. அப்பா வாயைத் திறக்காத ஆள் என்பதால் இரண்டு பேர் பேச்சையும் சேர்த்து அவளே பேசுவாள். தெற்கு வளைவுக்கு முன்னால் கட்டியிருக்கிற கயிற்றோரம் வந்ததும் அவள் குரல் ஏறும்.

“முதல்ல கட்டினவங்க விவரமானவங்க. பாறை எங்க முடியுதோ அங்கேயே சுவரையும் முடிச்சுட்டாங்க. குட்டைச் சுவர், குண்டுத் தூண், துளியூண்டு ஜன்னல். உள்ள இருட்டா இருக்கும், ஆனா நிக்கும். நூத்தம்பது வருஷம் கழிச்சு வந்தவங்களுக்கு அது பத்தல. வெளிச்சம் வேணும், உயரம் வேணும்னாங்க. வட்ட வளைவை எடுத்துட்டுக் கூரான வளைவு போட்டாங்க. சுவரை ரெண்டு மடங்கு தூக்கினாங்க. தூக்கின சுவர் வெளிப்பக்கமா விழுந்துடக் கூடாதுன்னு வெளியே இருந்து கை கொடுக்கிற மாதிரி அணைச்சுவர் கட்டினாங்க. அதோட விட்டிருக்கலாம். அப்புறம் ஒரு ஆயர் வந்தார். பக்கத்து ஊர்ல கோபுரம் இருக்கு, நமக்கு இல்லையான்னு கேட்டார்.”

இந்த இடத்தில் எல்லாரும் சிரிப்பார்கள். சிரித்து முடியும்வரை அவள் காத்திருப்பாள்.

“தெற்குப் பக்கம் பாறை கிடையாது. பழைய ஓடையை மூடின மண்ணு. அந்தப் பக்கத் தூண் மேலயும் சேர்த்துத்தான் கோபுரத்தை ஏத்தினாங்க. பாதி கட்டும்போதே தூண் ஒரு சாண் உள்ள இறங்கிடுச்சு. வெளியே போய் நல்லா உத்துப் பாருங்க, கோபுரத்தோட கீழ்ப்பாதி சாஞ்சிருக்கும், மேல்பாதி நேரா நிக்கும். சாஞ்சதை நிமித்த முடியல, அதனால அதுக்கு மேல நேரா கட்டிட்டுப் போயிட்டாங்க. அதோ, ரெண்டு தூணுக்கு நடுவுல ஒரு வளைவு, அது தலையில கவுத்து வச்ச மாதிரி இன்னொரு வளைவு தெரியுதா? அழகுக்குக் கட்டினதுன்னு நிறைய பேர் நினைப்பாங்க. அழகு இல்லைங்க, பயம்.”

பதினொரு வருடத்துக்கு முன்னால் வாசல் தெருவில் சாக்கடைக்குப் பள்ளம் தோண்டினார்கள். ஆறிக் கிடந்த பழைய விரிசல்கள் மறுபடி வாய் திறந்தன. தெற்கு வளைவுக்குக் கீழே ஆறு இரும்பு முட்டுகள் கொடுத்து, கயிறு கட்டி, ஆள் நடமாட்டத்தை நிறுத்தினார்கள். மணி ஆடினால் கோபுரம் அதிரும் என்று மணியையும் நிறுத்திவிட்டார்கள். ஒரு வருடம் வேலை நடந்து அடித்தளத்துக்குச் சாந்து இறக்கினார்கள். அது முடிந்த பிறகு பதினொரு புதுக் கண்ணாடிகளை ஒட்டியவர் இவர். இருபத்துநாலு வயதில் பூச்சுவேலைக்கு என்று வந்தவர். ஏணிக்குப் பயப்படாத ஆள், வாயைக் கொடுத்து வம்பை வாங்காத ஆள் என்று இந்த வேலையை அவரிடம் விட்டார்கள். பத்து வருடம் ஒரு கண்ணாடியும் உடையாமல் இருந்தால் முட்டுகளை எடுத்துவிடலாம், மணியும் அடிக்கலாம் என்பது பேச்சு.

அவருடைய மனைவி வீட்டில் தையல் இயந்திரம் வைத்திருந்தாள். தெருவில் பாதிப் பேர் அளவு அவளுக்கு மனப்பாடம். “உங்களுக்கு என் முகத்தைவிட அந்தச் சுவரோட முகம்தான் நல்லாத் தெரியும்” என்பாள். “சுவர் பேசாது” என்பார் இவர். “அதான் பிடிச்சுப்போச்சு” என்பாள். முப்பது வருடம் இந்தப் பேச்சு அலுக்காமல் ஓடியது. சென்ற வருடம் பிப்ரவரியில் அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. மருத்துவமனையில் சேர்த்தார்கள். இதயம் வீங்கிவிட்டது என்றார்கள். மகள் லீவு போட்டுவிட்டுக் கட்டிலருகே இருந்தாள்.

பதினேழாம் தேதி கண்ணாடி பார்க்கிற நாள். மனைவிதான் போகச் சொன்னாள். போய்விட்டு மத்தியானத்துக்குள் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பினார். ஆறு கண்ணாடி முழுசு. ஏழாவது நடுவில் உடைந்திருந்தது.

ஏணியில் நின்றபடி அவர் கணக்குப் போட்டார். ‘உடைந்தது’ என்று எழுதினால் கோயிலைப் பூட்ட வேண்டும். பொறியாளர் வேறு ஊரிலிருந்து வர வேண்டும். சாயங்காலம் வரை நகர முடியாது. எழுதாமல் போகவும் வழியில்லை. மத்தியானம், கோயிலைத் திறந்து பூட்டுகிற கோவில்பிள்ளை வந்து, நடைபாதையில் நின்று ஒவ்வொன்றாக அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் நோட்டில் கையெழுத்துப் போடுவார். உடைந்த இரண்டு துண்டையும் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்றை ஒட்டி, பழைய தேதியையே அதன்மேல் எழுதிவிட்டால் பதினைந்து நிமிடத்தில் இறங்கிவிடலாம். நாளைக்கு வந்து உண்மையை எழுதிக்கொள்ளலாம். அப்படித்தான் நினைத்தார். மனைவியிடம் போக வேண்டும், அவ்வளவுதான் அவர் மனதில் இருந்தது.

பிளாஸ்டர் இறுகப் பத்து நிமிடம் ஆகும். அதுவரை கண்ணாடியின் இரண்டு முனையையும் இரண்டு கையாலும் அசையாமல் பிடித்திருக்க வேண்டும். பிடித்திருந்தபோது சட்டைப் பையில் ஃபோன் அடித்தது. கையை எடுத்தால் கண்ணாடி விழும். முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இன்னும் பதினைந்து நிமிடம் போகும். அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. மூன்றாவது தடவையும் அடித்தது. பிளாஸ்டர் இறுகியதும் கையைத் துடைத்துக்கொண்டு அவர் கூப்பிட்டபோது மகள் எடுத்து, “வாங்கப்பா” என்று மட்டும் சொன்னாள்.

போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. “மூணு தடவை கூப்பிட்டேனேப்பா” என்றாள் மகள். “மேல சிக்னல் இல்லம்மா” என்றார். யோசித்துச் சொன்னதில்லை, வாயில் அதுதான் வந்தது. அவள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, “சரிப்பா” என்றாள். உடைந்த இரண்டு துண்டும் அவர் பையில் இருந்தன. மருத்துவமனை வாசலில் இருந்த குப்பைத் தொட்டியில் போட்டார்.

அதற்குப் பிறகு அவருக்கு என்ன ஆனது என்று சொல்வது கஷ்டம். துக்கம் என்றால் அழுகை வரும். அவருக்கு வரவில்லை. அடக்கத்தன்று வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டார். எல்லாரும் போன பிறகு நாற்காலிகளை எண்ணி அடுக்கினார். சாப்பாட்டில் உப்பு இல்லை என்று மகள் சொன்னால்தான் உப்பு இல்லை என்று அவருக்குத் தெரியும். ஒருநாள் செருப்பில் ஆணி குத்தி, வீடுவரை ரத்தத்தோடு நடந்து வந்திருக்கிறார்; வாசலில் தடத்தைப் பார்த்து மகள்தான் அலறிக்கொண்டு வந்தாள். உடம்பு மொத்தமும் மரத்துப்போயிருந்தது. மனுஷன் கல்லாய்ச் சமைந்துவிட்டார் என்று கோயிலில் பேசிக்கொண்டார்கள். கல்லோடு பழகியவர்தானே என்று அதில் ஒரு சிரிப்பும் உண்டு.

ஏழாம் கண்ணாடியின் ஞாபகம் ஒரு மாதம் கழித்துத்தான் வந்தது. அடுத்த பதினேழாம் தேதி ஏறிப் பார்த்தார். புதுக் கண்ணாடி உடையாமல் இருந்தது. ‘முழுசு’ என்று எழுதினார். கண்ணாடி முழுசுதான், சுவரைப் பற்றித்தான் பொய். உண்மையை எழுத வேண்டும் என்று தெரியும். எழுதினால் என்ன, எழுதாவிட்டால் என்ன என்றும் இருந்தது. இப்படியே பதின்மூன்று முறை எழுதினார்.

ஏப்ரல் முதல் வாரத்தில் பொறியாளர் அம்மா வந்தார். நோட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். பொறுமையான பெண்மணி, ஒவ்வொரு பக்கத்திலும் விரலை வைத்துப் படித்தார்.

“பத்து வருஷம், பதினொரு கண்ணாடி, ஒண்ணுகூட உடையல. விரிசல் ஓஞ்சுபோச்சு. வர்ற வியாழக்கிழமை முட்டெல்லாம் எடுத்துடலாம்.”

“அப்ப மணி அடிக்கலாமா அம்மா?” என்று கேட்டார் கோவில்பிள்ளை. மணி நின்றதிலிருந்து அந்த மனிதருக்குக் கையைக் காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் இருந்தது.

“ஒரு மாசம் பார்த்துட்டு அடிக்கலாம்.”

கண்ணாடிக்காரரின் தோளைத் தட்டி, “எல்லாம் உங்க புண்ணியம்” என்றார் கோவில்பிள்ளை. “சரிங்க” என்றார் இவர்.

அன்று சாயங்காலம் மகள் சந்தோஷமாக இருந்தாள். இரண்டு தட்டு வைத்துச் சாப்பாடு போட்டுக்கொண்டே, “இனிமே கயித்துக்கு வெளியே நின்னு கத்த வேண்டாம்பா. வளைவுக்குக் கீழேயே எல்லாரையும் கூட்டிட்டுப் போயிடுவேன். அங்க நின்னு மேல பார்த்தாத்தான் அது என்ன கனம் தாங்குதுன்னு தெரியும்” என்றாள்.

அவர் தலையாட்டினார். இப்போது சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தார். வேலை போய்விடும் என்ற பயம் அவருக்கு இல்லை. போனால் போகட்டும் என்றுதான் இருந்தது. ஆனால் கண்ணாடி எப்போது உடைந்தது என்று கேட்பார்கள். தேதி சொன்னால் மகளுக்கு நாள் தெரிந்துவிடும். அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்பாள். அம்மா மூச்சுக்குத் தவித்தபோது, பையில் ஃபோன் அடிக்க அடிக்க, ஒரு துண்டுக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன் என்று அவளிடம் சொல்ல வேண்டும். இனி அவருக்கென்று இருப்பது அவள் ஒருத்திதான். அவளும் முகத்தைத் திருப்பிக்கொண்டால் என்ன செய்வது?

“என்னப்பா, ஏதோ சொல்ல வந்தீங்க?”

“ஒண்ணுமில்லம்மா. சாப்பிடு.”

வியாழக்கிழமை காலை கோயிலை அடைத்துவிட்டு வேலையாட்கள் ஐந்து பேர் உள்ளே வந்தார்கள். முட்டுகளின் அடியில் தடித்த திருகுகள் இருந்தன. ஒவ்வொன்றையும் கால் சுற்று, கால் சுற்றாகத் தளர்த்தி, சுவர் என்ன செய்கிறது என்று பார்த்துப் பார்த்து இறக்குவார்கள். பொறியாளர் அம்மா அளவுக்கருவியை வைத்துக்கொண்டு தூணருகே நின்றார். கோவில்பிள்ளை ஓரத்தில் நின்று முணுமுணுவென்று ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மகளும் வந்திருந்தாள். கோயிலின் கையேட்டுக்குப் படம் எடுக்க வேண்டும் என்று அனுமதி வாங்கியிருந்தாள். வேலையாள் ஒருவரின் தொப்பியை வாங்கி மாட்டிக்கொண்டு, அது கண்ணை மறைக்க மறைக்கத் தூக்கிவிட்டுக்கொண்டு, நேரே வளைவுக்குக் கீழே போய் நின்று அண்ணாந்து பார்த்தாள்.

கண்ணாடிக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். மேலே ஏழாம் கண்ணாடி. அதற்கு நேர் கீழே மகள். பயம் வர வேண்டிய இடம் அது. வரவில்லை. உள்ளே தேடிப் பார்த்தார், ஒன்றும் இல்லை. பெற்ற பெண் அங்கே நிற்கும்போதும் ஒன்றும் இல்லை என்பது அவருக்கே அசிங்கமாக இருந்தது. முதல் திருகில் ஸ்பேனரைப் போட்டார்கள். பயம் வரட்டும், வந்த பிறகு சொல்லலாம் என்று காத்திருந்தால் வேலை முடிந்துவிடும் என்று அவருக்குப் பட்டது. அப்படியென்றால் பயம் இல்லாமலேதான் சொல்ல வேண்டும்.

“நிறுத்துங்க” என்றார்.

அவர் குரலை அந்த இடத்தில் யாரும் அவ்வளவு சத்தமாகக் கேட்டதில்லை. திருகுக்காரர் கையை எடுத்துவிட்டார்.

“ஏழாவது உடைஞ்சதும்மா. நான் கழட்டிட்டு வேற ஒட்டினேன். பழைய தேதியை எழுதிட்டேன்.”

பொறியாளர் அம்மா அளவுக்கருவியைக் கீழே வைத்தார். பிறகு வேலையாட்களிடம், “திரும்ப முறுக்குங்க. எல்லாரும் கயித்துக்கு இந்தப் பக்கம் வாங்க” என்றார். மகள் கேமராவோடு நடந்து வந்து அவர்களுக்குப் பக்கத்தில் நின்றாள்.

“எப்ப உடைஞ்சது?”

“போன வருஷம் பிப்ரவரி பதினேழு. நான் பார்த்தது காலையில பத்தே முக்கால்.”

“ஏன் எழுதல?”

“அவசரமாப் போக வேண்டியிருந்துச்சு.”

கோவில்பிள்ளை தலையில் கை வைத்துக்கொண்டார். “பதினாலு மாசமா நான் கையெழுத்துப் போட்டிருக்கேனேய்யா” என்றார்.

“கல்லு தாங்கற பாரம் கல்லுக்குத்தான் தெரியும். கண்ணாடி ஒண்ணுதான் நமக்கு அதைச் சொல்லும். அதோட வாயையும் நீங்க அடைச்சுட்டீங்க” என்றார் பொறியாளர் அம்மா. திட்டுகிற குரல் இல்லை. நோட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டார். கண்ணாடி மறுபடி பத்து வருடம் நிற்க வேண்டும் என்றும், இனி வேறு ஆள் ஏறிப் பார்ப்பார் என்றும் சொன்னார். கண்ணாடிக்காரர் இரண்டுக்கும் “சரிங்கம்மா” என்றார்.

எல்லாரும் மேலே பார்க்கப் போன பிறகு அப்பாவும் மகளும் மட்டும் கயிற்றருகே நின்றார்கள். அவள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள்.

“பத்தே முக்கால்” என்றாள்.

“ஆமா. ஃபோன் பையில இருந்துச்சு. ரெண்டு கையும் கண்ணாடி மேல இருந்துச்சு. சிக்னல் இல்லன்னு சொன்னது பொய்ம்மா. மூணு தடவையும் அடிச்சது கேட்டுச்சு.”

“தெரியும்பா.”

“என்ன தெரியும்?”

“சிக்னல் இல்லன்னா ரிங்கே போகாது. தொடர்பு எல்லைக்கு வெளியேன்னு ஒரு பொம்பளை பேசும். எனக்கு மூணு தடவையும் முழுசா ரிங் போச்சு.”

கண்ணாடிக்காரர் அவளைப் பார்த்தார். இவ்வளவு சின்ன விஷயம் பதினான்கு மாதத்தில் ஒருமுறைகூட அவருக்குத் தோன்றியதில்லை.

“அப்ப ஏன் கேக்கல?”

“நீங்களே சொல்வீங்கன்னு இருந்தேன். ஃபோனை எடுக்கலன்னு எனக்குக் கோபம் இல்லப்பா. தெரியாத மாதிரி இத்தனை நாள் என்னை உட்கார வச்சீங்களே, அதுக்குத்தான் கோபம்.” அவள் தொப்பியின் பட்டையை இழுத்து விட்டுக்கொண்டே இருந்தாள். “உங்ககிட்ட ஒண்ணு சொல்ல வேண்டியிருந்துச்சு. நீங்க சிக்னல் இல்லன்னு சொன்ன உடனே அதைச் சொல்ல முடியாமப் போச்சு. சொன்னா நீங்க பொய் சொன்னது எனக்குத் தெரியும்னு ஆயிடும்.”

“என்ன?”

“ஃபோனை அம்மா காதுலதான் வச்சிருந்தேன். ரிங் போறதை அவங்கதான் கேட்டுட்டு இருந்தாங்க. மூணாவது தடவை கையை ஆட்டினாங்க. ‘விடுடி, கை வேலையா இருக்கார் உங்கப்பா. ஏணியில நின்னு எடுக்கப் போய் விழுந்து தொலைக்கப் போறார்’னாங்க. அப்புறம் பேசல.”

கண்ணாடிக்காரர் கல் தரையில் உட்கார்ந்தார். நெஞ்சில் ஏதோ செய்தது. அது வலிதான் என்று தெரிந்துகொள்ள அவருக்குச் சிறிது நேரம் ஆனது. மகள் பயந்துபோய்ப் பக்கத்தில் குனிந்தாள்.

“என்னப்பா செய்யுது?”

“இன்னொரு தடவை சொல்லும்மா” என்றார் அவர். “அவ சொன்ன மாதிரியே சொல்லு.”